பழைய ஃபார்ச்சூனரா, புதிய ஃபார்ச்சூனரா? வியாபாரி போட வேண்டிய கணக்கு

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி பகுதிகளில் அரிசி மண்டியும் மளிகை மொத்த வியாபாரமும் நடத்துவோர் கொஞ்சம் தலையெடுத்ததும் வாங்க நினைக்கும் வண்டிகளில் டொயோட்டா ஃபார்ச்சூனரும் ஒன்று. ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. எந்தத் தலைமுறை வண்டியை, எந்த மாதத்தில், எந்தப் பணத்தில் வாங்குவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். வண்டியைப் பற்றித் தரகர் சொல்வார். நம் முதலைப் பற்றி நாம்தான் யோசிக்க வேண்டும்.

இரண்டு தலைமுறைகள்

ஃபார்ச்சூனர் இந்தியாவில் 2009-ல் விற்பனைக்கு வந்தது. முதல் தலைமுறை வண்டிக்கு 3 லிட்டர் டீசல் இன்ஜின், 171 குதிரைத்திறன். ஆரம்பத்தில் எல்லா வண்டிகளும் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வகை. 2012-ல்தான் இரு சக்கர இழுவை வண்டி வந்தது.

இரண்டாம் தலைமுறை 2016 நவம்பரில் வந்தது. டீசலில் 2.8 லிட்டர் இன்ஜின், 177 குதிரைத்திறன். பெட்ரோல் ரகமும் சேர்ந்தது. 2021 தொடக்கத்தில் டீசல் இன்ஜினின் திறன் 204 ஆக உயர்ந்தது. முதல் தலைமுறையில் காற்றுப்பைகள் இரண்டு. அடுத்ததில் ஏழு வரை உண்டு. குடும்பத்தோடு இரவுப் பயணம் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. பழைய 3 லிட்டர் இன்ஜினில் டைமிங் பெல்ட். உரிய கிலோமீட்டரில் மாற்றாமல் அது அறுந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். 2.8 லிட்டர் இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். பழைய வண்டி பார்ப்பவர்கள் பெல்ட் மாற்றிய பில்லை முதலில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

2020-க்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி ஒரே வேகத்தில் சற்று நேரம் ஓடினால்தான் சேர்ந்த கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். வீட்டிலிருந்து கீழவாசல் கடைக்கும், கடையிலிருந்து குடோனுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் வாரம் ஒருமுறையாவது தஞ்சை–திருச்சி நான்குவழிச் சாலையில் அரைமணி நேரம் ஓட்ட வேண்டும். முடியாதென்றால் பெட்ரோல் ரகம் அல்லது 2020-க்கு முந்தைய டீசல் வண்டியே தொந்தரவில்லாதது.

நான்கு சக்கர இழுவை நமக்குத் தேவையா? டெல்டா சமவெளி. மழைக்காலத்தில் வாய்க்கால் கரைச் சேற்றில் தினமும் போகிறவர் தவிர மற்றவர்களுக்கு இரு சக்கர இழுவையே போதும். அதற்குமேல் கொடுக்கும் பணம் எடைக்கும் டீசலுக்கும்தான் போகும்.

ஆண்டுக் கணக்கு

புரிவதற்காக உத்தேசமாக மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். விலைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டம்.

அ. புது வண்டி, எல்லாம் சேர்த்து ரூ.45 லட்சம்.
ஆ. 2018 வண்டி (இரண்டாம் தலைமுறை), ரூ.22 லட்சம்.
இ. 2014 வண்டி (முதல் தலைமுறை), ரூ.12 லட்சம்.

முதலுக்கு வட்டி 10 சதவீதம்: 4.50, 2.20, 1.20 லட்சம்.
ஆண்டுதோறும் குறையும் விலை: 4.00, 2.00, 1.00 லட்சம்.
இன்சூரன்ஸ், சர்வீஸ், ரிப்பேர்: 1.50, 1.30, 1.80 லட்சம்.
மொத்தம்: 10.00, 5.50, 4.00 லட்சம்.

டீசல் செலவு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் சேர்க்கவில்லை. பழைய வண்டிக்கு ரிப்பேர் கூடுதலாகப் போட்டும் அதுவே மலிவு. ஆனால் 'ஆ'வுக்கும் 'இ'க்கும் இடைவெளி ஒன்றரை லட்சம்தான். 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் இடைவெளி நாலரை லட்சம். மளிகையில் நிகர லாபம் 3 சதவீதம் என்று வைத்தால், நாலரை லட்சம் சம்பாதிக்க ஒன்றரைக் கோடி ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும்! பெருமைக்கு ஆகும் விலை இது.

வரி விஷயங்கள்

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். 36 லட்சம் வண்டிக்கு இதுவே 7.20 லட்சம். நம் மாநிலப் பதிவுள்ள பழைய வண்டிக்கு இது முன்பே கட்டப்பட்டிருக்கும். வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைத்தால், தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வயதுக்கேற்ற வரி கட்டிய பிறகு என்ன விலை ஆகிறது என்று பாருங்கள்.

பெரிய எஸ்.யூ.வி.களுக்கு செஸ் சேர்த்து 50 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 22-9-2025 முதல் 40 சதவீதம் ஆனது. புது வண்டி விலை இறங்கினால் பழையதும் இறங்க வேண்டும். பழைய நிலவரத்தைச் சொல்லி விலை கேட்பவரிடம் இதை எடுத்துச் சொல்லிப் பேசுங்கள்.

கடைப் பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி.யை வரவு எடுக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். சொந்த உபயோகக் காருக்கு அது கிடையாது. சரக்கு ஏற்றும் மினி லாரிக்கு உண்டு. வருமான வரியில் காருக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம். அதுவும் முறையாகக் கணக்குப் புத்தகம் வைப்போருக்கு, வியாபாரத்துக்கு ஓடிய பங்குக்கு மட்டும். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேச முறையில் வரி கட்டும் சிறு வியாபாரிக்குத் தேய்மானம் தனியாகக் கிடைக்காது. வண்டிப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால், ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ஒருவருக்குக் கொடுத்த தொகை தேய்மானக் கணக்கில் சேராது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

எப்போது வாங்குவது?

டெல்டா வியாபாரத்தின் நாடி நெல் அறுவடை. சம்பா பட்டத்தில் குடியானவர்கள் கடையில் வைக்கும் பாக்கி, தை, மாசியில் நெல் கொள்முதல் நிலையத்தில் பணம் வந்த பிறகுதான் திரும்பும். அதற்கு முன்னே தீபாவளிச் சரக்கு, பொங்கல் சரக்கு இரண்டும் கட்ட வேண்டும். ஆவணியில் 20 லட்சத்தை வண்டியில் முடக்கினால் ஐப்பசியில் எண்ணெயும் பருப்பும் கடனுக்கு எடுக்க நேரும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போகும்.

ஆகவே பாக்கி வசூலான பிறகு, பங்குனியை ஒட்டி வாங்குவதே முறை. ஆண்டுக் கடைசியில் வாங்கினால் முதலாண்டுத் தேய்மானம் பாதிதான் கிடைக்கும் என்பது உண்மை. மீதி அடுத்த ஆண்டுகளில் வந்துவிடும். கைவிட்டுப் போன சீசன் வராது. ஓ.டி. கணக்கிலிருந்து வண்டிக்குப் பணம் எடுக்கவே கூடாது. அது சரக்குக்காக வங்கி கொடுத்த பணம்.

பழைய வண்டி பார்க்கும்போது

1. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னை வெள்ளத்தில் நனைந்த வண்டிகள் ஏராளம்.
2. நாகை, வேதாரண்யம் கடலோரத்தில் ஓடிய வண்டியைக் குழியில் ஏற்றி, சேஸிஸில் உப்புத் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.
3. சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிடுங்கள்.
4. ஆர்.சி.யில் வங்கி அடமானம் இருந்தால் படிவம் 35-ம் வங்கிச் சான்றும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.
5. பதிவுக் காலம் 15 ஆண்டுகள். 2014 வண்டிக்கு 2029-ல் புதுப்பிக்க வேண்டும். திருப்பி விற்கும்போது விலை அடிபடும் இடம் இதுதான்.
6. உங்கள் பழைய காரை விற்றால் பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

முடிவாக

வெளியூர்ப் பயணம் அதிகம், கையில் மிச்சப் பணம் உண்டு என்பவர் புதிது வாங்கலாம். ஊருக்குள் குறைவாக ஓட்டி, நம்பகமான மெக்கானிக்கும் வைத்திருப்பவருக்கு முதல் தலைமுறை போதும். நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது 2017 முதல் 2019 வரையிலான இரண்டாம் தலைமுறை வண்டி. எதை வாங்கினாலும், வாங்கிய மறுநாள் கடை அலமாரியில் சரக்கு குறையாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நீங்கள் சரியான வண்டியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.