வாசல் விளக்கும் தோட்டத்து இருளும்

வீட்டினுள் எந்த அறைக்கு எத்தகைய விளக்கு வேண்டும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்த்தே அமைக்கின்றனர். வெளியிலோ, சுவரின் உச்சியில் கண்ணைப் பறிக்கும் ஒரு விளக்கை மாட்டிவிட்டால் போதும் என்று இருந்துவிடுகின்றனர். அதற்கு எதிரே நடந்து வருபவர் விளக்கைத்தான் காண்பார். காலடியில் உள்ள படியைக் காணமாட்டார். தொட்டியின் நிழலில் பாம்பு கிடந்தாலும் தெரியாது. பேரொளியில் கண்மணி சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம். அக்கண் மீண்டும் இருளுக்கு நன்கு பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வீட்டில் பாட்டி, தாத்தா இருப்பின் இதைச் சற்றுக் கூடுதலாகவே கருத வேண்டும்.

பழைய வீடுகளின் வாசலில் சுவரைக் குடைந்து அமைத்த விளக்கு மாடத்தைப் பார்த்திருப்பீர்கள். காற்று சுடரை அணைக்காது. பக்கவாட்டிலிருந்து வருபவர் கண்ணில் சுடர் குத்துவதும் இல்லை. இன்றைய விளக்கிற்கும் அதே முறை பொருந்தும். பல்பு தெரியாதபடி மூடியிட்டு, ஒளி தரையில் விழுமாறு அமைக்க வேண்டும். படிகள், வெளிக்கதவின் தாழ்ப்பாள், கிணற்றடி ஆகிய இடங்களுக்கு வெளிச்சம் கட்டாயம். நடைபாதைக்கு முழங்கால் உயரத்தில் சிறு விளக்குகள் போதும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் 12 மணி நேரம் எரிந்தாலும், ஒரு யூனிட் செலவாக ஒன்பது நாட்கள் ஆகும். பழைய 60 வாட் குண்டு பல்பு அதனை ஒன்றரை நாளுக்குள் தின்றுவிடும்!

நீலம் கலந்த வெள்ளொளியை விட மஞ்சள் நிற ஒளி வெளியே சிறந்தது. பூச்சிகள் குறைவாக வரும். பூச்சி குறைந்தால் அதைத் தேடி வரும் தவளையும், தவளையைத் தேடி வரும் பாம்பும் குறையும் அல்லவா?

இனித் தோட்டம். எல்லாச் செடிகளையும் ஒளியில் குளிப்பாட்டுவது அழகன்று. திருமணப் பந்தல் போலாகிவிடும். அழகிய அடிமரம் உடைய ஒரு மரத்தைத் தேர்ந்து, அதன் அடியில் ஒரு சிறு விளக்கை வைத்துப் பாருங்கள். மல்லிகை, பவழமல்லி போன்ற வெண்மலர்கள் மங்கிய ஒளியிலேயே தெரியும். அவற்றிற்குத் தனி விளக்கு வேண்டுவதில்லை.

செடிகளுக்கும் இருள் தேவை என்பதைப் பலர் அறியார். கிறிஸ்துமஸ் காலத்தில் செக்கச் சிவந்து நிற்கும் பாயின்செட்டியாவை எடுத்துக்கொள்வோம். நாம் மலரிதழ் என்று எண்ணும் அச்சிவப்புப் பகுதிகள் உண்மையில் இலைகளே. இரவு நீளும் மாதங்களில் இடையறாத இருள் கிடைத்தால்தான் அவை சிவக்கும். இரவு முழுதும் எரியும் வாசல் விளக்கின் அருகே தொட்டியை வைத்தால், டிசம்பரிலும் செடி பச்சையாகவே நிற்கக் கூடும். உரம் போதவில்லை என்று செடியைக் குறை கூறுவதில் பயனில்லை. செவ்வந்தியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பூப்பதைத் தள்ளிப்போட விரும்பும் விவசாயிகள் அதன் வயலில் இரவில் விளக்கெரிப்பதும் உண்டு.

டிசம்பரில் நாம் தொங்கவிடும் நட்சத்திரத்தைப் பற்றியும் கூற வேண்டும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். வீட்டினுள் தொங்கவிடுவதற்கென விற்கும் சீரியல் விளக்குகளை மரக்கிளையில் சுற்றுவதும், ஒட்டுப்போட்ட ஒயரை ஈரத்தரையில் இழுத்துச் செல்வதும் உயிருக்கே ஆபத்து. வெளியே மாட்டும் விளக்கில் ஐ.பி. 65 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். தூசியும், பீய்ச்சியடிக்கும் நீரும் உட்புகாது என்பதே அதன் பொருள். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்பே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி உங்கள் வீட்டு மெயின் போர்டில் உள்ளதா என அப்பாவிடம் இன்றே கேளுங்கள். இல்லையெனில், அதை எலக்ட்ரீஷியன் பொருத்திச் சென்ற பிறகு நட்சத்திரத்தைத் தொங்கவிடலாம்.