பென்சிலோடு போ, கண்ணு

கரியாலூர்

அன்புள்ள பேத்திக்கு,

எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரையப் போகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் இதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா?

முன்கூட்டியே நூலகரிடம் அனுமதி கேட்டுக்கொள். பென்சிலும் நோட்டும் போதும், மைப்புட்டி வேண்டாம். இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களில் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. அங்கே ஒரு சொட்டு மை சிந்தினால், நூறு வருஷம் பத்திரமாக இருந்த தாள் வீணாகிவிடும்.

ஹென்றி இர்வின் வடிவமைத்தது, 1896 டிசம்பரில் திறக்கப்பட்ட கட்டடம். வளைந்த கூரை, வண்ணக் கண்ணாடி, தேக்கு அலமாரி, எங்கே பார்த்தாலும் செதுக்கு வேலை. உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் வரையத்தான் கை துடிக்கும். சின்ன வயதில் ஒரு கோயில் மண்டபத்தை அப்படித்தான் ஒரே காலையில் வரைந்து முடித்தேன். தூண் எண்ணிக்கையெல்லாம் சரியாக இருந்தது, மண்டபம் மட்டும் படத்தில் இல்லை.

அதனால் முதல் அரைமணி நேரம் பென்சிலைத் தொடாதே. கண்ணை இடுக்கிப் பார். செதுக்கிய பூவும் இலையும் மறைந்து, இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே என்பது மட்டும் நிற்கும். முதலில் அதைப் போடு. இங்கே ஏரிக்கரையில் உட்கார்ந்து மலை வரைவாயே, பக்கத்து மரம் கருப்பாகவும் பனிக்குள் இருக்கும் மலை வெளிறியும் வருமே, கூடத்தின் கடைசி அலமாரியும் அப்படித்தான். அதைக் கருக்கிவிட்டால் கூடம் சுருங்கிப்போகும்.

மதியத்துக்குப் பிறகு வெளிச்சம் இடம் மாறும். காலையில் போட்ட நிழலைத் திருத்தாதே, வேறு பக்கம் எடு. கண்ணாடியின் நிறங்களை ஓரத்தில் எழுத்தாகக் குறித்துக்கொள்.

படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் முகத்தை உற்றுப் பார்க்காதே, கண்ணு. குனிந்த முதுகையும் தாளைப் புரட்டும் கையையும் வரைந்தாலே ஆள் வந்துவிடுவார்.

நம்ம மலைக் கடுக்காய் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். இடித்து ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி நாலைப் போட்டு வை. நல்ல கருப்பு மை இறங்கும். விடுதிக்குத் திரும்பி, பென்சில் கோட்டின்மேல் அதைத் தீட்டு. காய்ந்ததும் ஒரு படம் எனக்கு அனுப்பு.

தாத்தா