நண்டு நெபுலாவிலிருந்து தொடங்கு

வெள்ளிமலை

அன்புள்ள மலர்விழிக்கு,

உன் கடிதம் வந்தது. முதுகலை ஆய்வேட்டுக்கு ரேடியோவா, எக்ஸ் கதிரா, ஒளித் தொலைநோக்கியா என்று கேட்டிருக்கிறாய். சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியிருக்கிறார்கள் போல. அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் ஒத்திவை. வானத்தில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எல்லா அலைநீளத்திலும் அதைத் துரத்து. எங்கே உனக்கு விடாத கேள்வி ஒன்று கிளம்புகிறதோ, அங்கே நின்றுகொள்.

என்னைக் கேட்டால் நண்டு நெபுலா. மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? நள்ளிரவு வாக்கில் ரோகிணிக்குக் கிழக்கே, ரிஷபத்தின் தெற்குக் கொம்பு நுனிக்கு அருகில், ஏறக்குறைய உச்சியில் இருக்கும். பைனாகுலரில் மங்கலான திட்டுதான் தெரியும், ஏமாந்துவிடாதே. 1054-இல் சீனர்கள் பகலிலேயே பார்த்துக் குறித்துவைத்த விண்மீன் வெடிப்பின் மிச்சம் அது. நடுவில் ஒரு பல்சார் விநாடிக்கு 30 முறை சுழல்கிறது.

ரேடியோ, ஒளி, எக்ஸ் கதிர்ப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிறம் பூசி, சுவரொட்டி ஆக்குகிறார்கள். கண்ணுக்கு அழகுதான், மாணவர்களை அதுதான் கெடுக்கிறது என்பது என் கட்சி. அடுக்காமல் பக்கம் பக்கமாக வைத்துப் பார். ரேடியோவில் நெபுலா பெரிது, எக்ஸ் கதிரில் சிறிது. ஏன்? இரண்டையும் உமிழ்பவை காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள்தாம். எக்ஸ் கதிரை உமிழும் எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் மிக அதிகம். அதை அவை சில ஆண்டுகளிலேயே செலவழித்துவிடுகின்றன. அதனால் பல்சாரை விட்டு வெகுதூரம் போக முடிவதில்லை. ரேடியோவை உமிழ்பவைக்கு ஆயிரம் ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் தீரவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டால் அரைப் பாடநூல் முடிந்த மாதிரி.

ஒப்பிடும்போது இரண்டு இடத்தில் கால் வழுக்கும். முதலாவது அலகு. ஒளிக்காரர்கள் பொலிவெண் என்பார்கள், ரேடியோக்காரர்கள் ஜான்ஸ்கி என்பார்கள், எக்ஸ் கதிர்க்காரர்கள் ஃபோட்டான்களை எண்ணுவார்கள். எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி, ஒரே வரைபடத்தில், பிழை அளவோடு உன் கையால் குறி. மென்பொருள் பிறகு.

இரண்டாவது தெளிதிறன். அலைநீளத்தைத் தொலைநோக்கியின் அகலத்தால் வகுத்துப் பார். நமக்கு வடக்கே, தென்பெண்ணையைத் தாண்டி, ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது. கண்ணாடியின் திறமையைக் காற்றின் நடுக்கம் ஒரு விகலை, இரண்டு விகலைக்குள் முடக்கிவிடும். புனேவுக்கு அப்பால் கோடாட்டில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோத் தொலைநோக்கி, 45 மீட்டர் கிண்ணங்கள் 30-ஐ 25 கிலோமீட்டருக்குப் பரப்பி, 21 செ.மீ. அலையில் ஏறக்குறைய அதே கூர்மையை எட்டுகிறது. ஊட்டி ரேடியோத் தொலைநோக்கியின் கதை இன்னும் சுவை. 530 மீட்டர் நீளம். தன் அட்சரேகைக்குச் சமமாகப் பதினோரு பாகை சரிந்த மலைச்சரிவில் கோவிந்த் சுவரூப் அதை அமைத்தார். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது; ஒரே அச்சில் சுற்றினால் போதும், மணிக்கணக்கில் ஒரு பொருளைத் தொடரலாம். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடியில், நிலாவின் விளிம்பையே கத்தியாக்கி அந்த மூலத்தின் அளவை அளப்பதற்காகக் கட்டியது அது. ஐப்பசி மழையில் காவலூர் கதவை மூடினாலும் ஊட்டி வேலை பார்க்கும். மேகம் அந்த அலைக்குத் தடையில்லை.

எக்ஸ் கதிருக்கோ காற்று மண்டலமே சுவர். அதற்காகத்தான் 2015 செப்டம்பரில் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் மேலே போனது. அதிலுள்ள சிஇசட்டி கருவி நண்டின் எக்ஸ் கதிர் முனைவாக்கத்தை அளந்த கட்டுரை 2017-இல் வந்தது. தேடிப் படி. முதல் வாசிப்பில் பாதி புரியாது, பரவாயில்லை.

செலவு பற்றிக் கேட்டிருந்தாய். ஆஸ்ட்ரோசாட், ஜிஎம்ஆர்டி, சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி ஆகிய மூன்றின் பழைய தரவுகளும் இலவசம். விடுதி வைஃபையும் பைத்தானும் இருந்தால் தொடங்கிவிடலாம். தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிப்பதெல்லாம் பிறகு, வழிகாட்டியோடு பேசிச் செய்யவேண்டிய காரியம்.

வரும்போது அந்த வரைபடத்தைக் கொண்டு வா, பென்சிலில் போட்டதாகவே இருக்கட்டும். ரேடியோவிலிருந்து எக்ஸ் கதிர் வரை கோடு எங்கெங்கே வளைகிறது என்று பார்த்துக் காரணத்தை நீயே யோசித்து வை. நான் கேட்பேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா