பனிமலைப் பயணமும் டீசல் காரும்

ஹெலன்ஸ்பர்க் கடலுக்கு அருகில் அமைந்திருப்பதால், இங்கு டீசல் கார்கள் குளிர்காலத்திலும் பெரும்பாலும் தடையின்றி இயங்குகின்றன. எனினும், இங்கேயே எரிபொருளை நிரப்பிக்கொண்டு ஸ்னோயி மலைப் பகுதிக்குச் செல்வோர், மறுநாள் காலையில் காரை இயக்க இயலாமல் குடும்பத்துடன் குளிரில் தவிக்க நேரிடலாம்.

டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்துள்ளது. கடுங்குளிரில் அது உறைந்து, எரிபொருள் வடிகட்டியை அடைத்துவிடும். ஆகவே, பனிமலைக்குச் செல்வோர் கூமா அல்லது ஜிண்டபைனில் குளிருக்கென்றே தயாரிக்கப்படும் ஆல்பைன் டீசலை நிரப்பிக்கொள்ள வேண்டும். நிறைந்த தொட்டியில் சிறிதளவு சேர்ப்பதால் பயன் குறைவு. எனவே, தொட்டியில் எரிபொருள் குறைந்த நிலையில் அங்குச் சென்றடைவது நன்று. நிரப்பிய பின் சிறிது தூரம் ஓட்டினால்தான் புதிய டீசல் வடிகட்டியைச் சென்றடையும்.

டீசல் எஞ்சினில், அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. குளிரில் அவ்வெப்பம் போதாதபோது குளோ பிளக் உதவுகிறது. சாவியைத் திருப்பியதும் ஒளிரும் சுருள் வடிவ விளக்கு அணைந்த பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும்.

அப்போதும் இயங்காவிடில், தொடர்ந்து முயன்று பேட்டரியைத் தீர்த்துவிடலாகாது. தீயைக் காட்டிச் சூடாக்குவதும், டீசலில் பெட்ரோல் கலப்பதும் பேராபத்து. வெயிலேறி மெழுகு இளகும்வரை காத்திருப்பதோ, சாலையோர உதவிச் சேவையை அழைப்பதோ தக்கது. எஞ்சின் இயங்கத் தொடங்கினாலும், மூடிய கராஜில் அதை ஓடவிடலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.