அதிகாரி ஆட்சியிலிருந்து மக்கள் ஆட்சிக்கு: நம் மாநகராட்சி கற்றுத்தரும் பாடம்



முன்னுரை

ஆண்டு மலருக்குத் தேர்தலைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், பக்கத்து பெஞ்ச் நண்பன், “எதுக்குடா நமக்கு அரசியல்? பேசாம காங்கிரீட் பத்தி எழுது” என்றான். இது கட்சிக் கட்டுரை இல்லை. எந்தச் சின்னத்துக்கும் நான் ஓட்டுக் கேட்க வரவில்லை. எங்கள் வீட்டில் அப்பா சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். அம்மா கே.கே. நகரில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். ஒரு அரசாங்கப் படிவத்தைத் தானே படித்து நிரப்பும் முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். பதினெட்டு வயது முடிந்து நான் நிரப்பிய முதல் படிவம் வாக்காளர் பட்டியலுக்கானது. அதை நிரப்பப் போய் நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆட்சி கை மாறும் காலம்

ராணுவ ஆட்சி போய் மக்கள் ஆட்சி வரும் நாடுகளைப் பற்றிச் செய்திகளில் படிக்கிறோம். நமக்குத் தெரிந்த உதாரணம் பர்மா. அங்கே 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான தமிழர்கள் கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கப்பலேறி இங்கே வந்தார்கள். பாரிமுனைப் பக்கம் இருக்கும் பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைகளால் வந்த பெயர்தான். 1990-ல் பர்மாவில் தேர்தல் நடந்து, மக்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டும், ஜெயித்த கட்சியிடம் ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. 2015-ல் மறுபடி தேர்தல் நடந்து, மக்கள் தேர்ந்தெடுத்த அரசு வந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் அதையும் கவிழ்த்துவிட்டது. ஒரு தேர்தல் நடந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

நம் ஊரில் ராணுவம் ஆளவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்வது தப்பு. நம் அதிகாரிகளுக்கு மேலே சட்டமும், மக்கள் தேர்ந்தெடுத்த மாநில அரசும் இருந்தன. ஆனால் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல், நியமிக்கப்பட்ட அதிகாரி மட்டுமே நம் சென்னை மாநகராட்சியை ஆண்ட காலம் உண்டு. ஒன்றல்ல, இரண்டல்ல, 23 வருடங்கள்!

1973 முதல் 1996 வரை

நம் மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. இந்தியாவிலேயே பழமையானது. இப்படிப்பட்ட மாநகராட்சியின் மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. காரணம், மஸ்டர் ரோல் ஊழல் புகார். மஸ்டர் ரோல் என்பது தினக்கூலி ஆட்களின் வருகைப் பட்டியல் என்று சிவில் மாணவர்களுக்குத் தெரியும். வேலைக்கு வராத ஆட்களின் பெயரை அதில் எழுதிக் கூலியை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் புகார்.

தப்பு செய்தவர்களைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது? தனி அதிகாரி வந்தார், போனார், அடுத்தவர் வந்தார். மக்களுக்கோ 1996 வரை ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 1973-ல் பிறந்த குழந்தைக்கு, தன் வார்டுக்கு ஓட்டுப் போட 23 வயது ஆகும்வரை வாய்ப்பே இல்லை.

அதிகாரிகள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக, இரவு பகலாக உழைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அதிகாரி மேலிடத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஓட்டுக் கேட்டு ஜெயித்தவரோ நம்மிடம் திரும்பி வந்தாக வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். அது சின்ன வித்தியாசம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த நிலைமை பல மாநிலங்களில் இருந்தது. அதனால் அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

1. நகராட்சி, மாநகராட்சி மன்றங்களின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல்.

2. தேர்தலை நடத்தத் தனியாக மாநிலத் தேர்தல் ஆணையம்.

3. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள். தமிழ்நாட்டில் இதை 2016-ல் 50 சதவீதமாக்கினார்கள்.

4. மன்ற உறுப்பினராக 21 வயது போதும்.

இதன்படி 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் மேயராக மு.க. ஸ்டாலின் வந்தார்.

மறுபடியும் ஐந்து வருடம்

சட்டம் வந்துவிட்டது, இனி கவலை இல்லை என்றுதானே நினைப்போம்? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை, பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மன்றத்தின் காலம் முடிந்தது. மறுபடியும் தனி அதிகாரி. அதன் பிறகு வழக்குகளாலும் வார்டு எல்லை பிரிக்கும் வேலையாலும் தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. ஆறு மாதம் என்று சட்டம் சொன்னது, ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது.

அந்தக் காலத்தில்தான் 2021 நவம்பர் மழை வந்தது. கே.கே. நகர், அசோக் நகர், தி. நகர் எல்லாம் தண்ணீரில் மிதந்தன. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். இரண்டு நாள் கட்டில் மேலேயே உட்கார்ந்திருந்தோம். நான் அப்போது பள்ளி மாணவன். என் நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போயின. அம்மா ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். அங்கிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, “எழுதிக் குடுங்கம்மா” என்றார்கள். எழுதத் தெரியாத அம்மா திரும்பி வந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “திட்டுறதுக்குக்கூட ஒரு ஆள் இல்லாம போச்சே கண்ணு!”

ஓட்டுப் போட முடியாத அம்மா

2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் வந்தது. அம்மா இரண்டு வீட்டிலும் லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே குளித்துக் கிளம்பினார். அரை மணியில் திரும்பி வந்துவிட்டார். பட்டியலில் பெயர் இல்லை. வீடு மாறியபோது முகவரியை மாற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அட்டை கையில் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தோம். மஸ்டர் ரோலில் இல்லாத ஆளுக்குப் பெயர் இருந்தது. இங்கே இருக்கிற ஆளுக்குப் பெயர் இல்லை!

பெயர் இருந்தவர்கள் எல்லாரும் போனார்களா? அதுவும் இல்லை. மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பதிவான அந்தத் தேர்தலில், சென்னையில் சுமார் 43 சதவீதம்தான். பத்து வருடம் கழித்து வந்த தேர்தல், நூற்றுக்கு ஐம்பது பேர்கூடப் போகவில்லை. “தேர்தல் நடத்தலே” என்று அரசைக் குறை சொன்ன நாம், நடத்தியபோது எங்கே போனோம்? ஆனாலும் அந்தத் தேர்தலால் 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். 2022 மார்ச் 4 அன்று ஆர். பிரியா மேயரானார். நம் மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயர் அவர்தான்.

ஓட்டுக்குப் பிறகுதான் வேலை

தமிழ்நாட்டில் வார்டு கமிட்டி, பகுதி சபை என்ற அமைப்புகளுக்கு 2022-ல் விதிமுறை வந்தது. கிராமத்துக்கு கிராம சபை மாதிரி நகரத்துக்குப் பகுதி சபை. நான் சர்வே கேம்ப் முடித்து வந்த நேரம். எங்கள் தெருவில் மழைநீர் ஏன் நிற்கிறது என்று பார்க்க ஆசை. கருவி எங்கே கிடைக்கும்? அப்பாவின் டியூப் லெவல் இருந்தது. தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். தெருவின் தாழ்வான இடத்தைவிட வடிகாலின் வாய் 7 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது! பிறகு தண்ணீர் எப்படி உள்ளே போகும்?

ஒரு தாளில் படம் வரைந்து, அளவு எழுதி, தெருவில் பதினெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கி, பகுதி சபைக் கூட்டத்தில் கொடுத்தேன். பேசும்போது கை நடுங்கியது. கவுன்சிலர் பொறியாளரோடு நேரில் வந்து பார்த்தார். இரண்டு மாதம் நடந்த பிறகு அந்த வாயை உடைத்துத் தாழ்த்தினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் சாயந்திரமே வடிந்தது. பக்கத்துத் தெருவில் இன்னும் நிற்கிறது. அதற்கும் அளவு எடுத்து வைத்திருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

1. பதினெட்டு முடிந்தவர்கள் படிவம் 6 கொடுத்துப் பெயரைச் சேருங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் தகுதி நாட்கள். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

2. வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. ஹாஸ்டல் மாணவர்கள் ஊரில் அம்மா, அப்பா பெயரையும் பாருங்கள். அட்டை இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

3. உங்கள் வார்டு எண்ணையும் கவுன்சிலர் பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சிப் புகார் எண் 1913.

4. நாம் படித்ததைத் தெருவுக்குக் கொண்டு போங்கள். எலெக்ட்ரிகல் மாணவர் தெருவிளக்கைப் பார்க்கலாம். மெக்கானிக்கல் மாணவர் பம்பைப் பார்க்கலாம். வாயால் சொன்ன புகாரை விட, அளவோடு எழுதிய புகாருக்கு மதிப்பு அதிகம்.

முடிவுரை

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்துக்கு ஐந்தாண்டு கணக்குப் போட்டால் 2027 மார்ச் வருகிறது. உரிய காலத்தில் தேர்தல் நடத்துவது அரசின் கடமை. நடக்காவிட்டால் ஏன் என்று கேட்பதும், நடந்தால் வரிசையில் நிற்பதும் நம் கடமை.

என் படிவம் 6-ஐயும் அம்மாவின் படிவம் 8-ஐயும் ஒரே நாளில் நான்தான் நிரப்பினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மா கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார். ஒரு வாரம் என் பழைய நோட்டில் எழுதிப் பழகி, தன் பெயரைத் தானே எழுதினார். எழுத்து கோணல்தான். ஆனால் பட்டியலில் பெயர் நேராக வந்துவிட்டது.