சுகர்காரரின் கண்ணும் ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூலும்

நீலகிரியில் லவ்டேலிலிருந்து கேத்திப் பள்ளத்தாக்கு வரை ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் கேரட். கண்ணுக்குக் கேரட், ரத்தத்துக்குக் கிரீன் டீ என்று இங்கே யாருக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். சுகர் வந்தவர்கள் இப்போது அதோடு ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூலையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை: சுகரால் கண் கெடுவதை இந்தக் கேப்ஸ்யூல் தடுக்கும்.

நம்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. சர்க்கரை ஏறியே நின்றால் விழித்திரை செல்களுக்குள் ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கும் கேடான மூலக்கூறுகள் பெருகும். மெல்லிய ரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியத் தொடங்கும். அந்த மூலக்கூறுகளை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டை எலிகளுக்குக் கொடுத்தபோது இந்தக் கேடு குறையவும் செய்தது. மனிதர்களிடம்தான் அது பலிக்கவில்லை. ‘ஹோப்’ என்ற ஆய்வில் சர்க்கரை நோயுள்ள 3,654 பேரில் ஒரு பிரிவினருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ (இதுவும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான்), மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. சராசரியாக நாலரை ஆண்டு பார்த்துவிட்டு 2002-இல் முடிவைச் சொன்னார்கள்: சிறுநீரகக் கேடோ, கண்ணுக்கு லேசர் வைக்கும் நிலையோ வைட்டமினால் குறையவில்லை.

கேரட்டா? அதிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ மாலைக்கண் வராமல் காக்கும். கசியும் குழாயை அடைக்காது. பொரியலுக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

நம்பிக்கை: அமெரிக்காவிலேயே நிரூபித்த கண் மாத்திரை இது.

ஆய்வு நிஜம், நோய்தான் வேறு. 2001-இல் வெளியான ‘ஏரெட்ஸ்’ ஆய்வு பார்த்தது, வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்வதை. அதற்குக் கிடைத்த பலனைச் சர்க்கரைக் கண்நோய்க்கும் சேர்த்து விற்பது வியாபாரம். இன்னொரு சங்கதியும் உண்டு. 1994-இல் பின்லாந்தில், இத்தகைய கேப்ஸ்யூல்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்த புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்தது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்கட்டும்.

நம்பிக்கை: பேப்பர் படிக்க முடிகிறது, கண்ணுக்கு ஒன்றுமில்லை.

இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. கசிவு தொடங்கிய பிறகும் பார்வை வெகுநாள் தெளிவாகவே இருக்கும். சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் சுமார் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. தடுக்க வழி தெரியாமலும் இல்லை. இளவயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில், சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இந்தப் பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது என்று 1993-லேயே காட்டிவிட்டார்கள். பி.பி.யும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர் மாத்திரை வீடு தேடி வரும். விழித்திரைப் பரிசோதனைக்கு மட்டும் நாம்தான் போக வேண்டும். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை என்றால் சுகர் தெரிந்தவுடன் ஒருமுறை, பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டும் நிலை அது இல்லை. துணைக்கு ஆளோடு பஸ்ஸில் போய் வாருங்கள்.