வள்ளி திருமணம்: ஒத்திகை இல்லாமலே நூறு வருஷம் தாண்டிய நாடகம்

 

இந்தப் பதிவுல ஒரு நாடகத்தைப் பத்திப் படிப்போம். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் கோயில் திருவிழான்னா ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு, விடியக்காலையில மாலை மாத்துறதோட முடியுற 'வள்ளி திருமணம்'. இதோட சின்னச் சின்ன வீடியோ நம்ம எல்லார் மொபைல்லயும் வந்திருக்கும். அதுக்குப் பின்னாடி இருக்கிற வரலாறு பெருசு.

கதை எங்கிருந்து வந்தது?

கச்சியப்ப சிவாச்சாரியார் பாடின கந்தபுராணத்தோட கடைசிப் பகுதி வள்ளியம்மை திருமணப் படலம். சூரனை வென்ற தேவசேனாபதி, தினைப்புனத்துல பரண் மேல நின்னு கிளி விரட்டுற வேடர் வீட்டுப் பொண்ணைத் தேடி வர்றார். வேடனா வர்றார், வேங்கை மரமா நிக்கிறார், கிழவனா தள்ளாடுறார். கதைக்குள்ளயே சாமி வேஷம் கட்டுறார், கவனிச்சீங்களா? மேடைக்குன்னே பிறந்த கதை இது.

மேடைக்குக் கொண்டு வந்தவர்

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில பிறந்தவர். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன்னு நிறைய நாடகம் எழுதினார். எல்லாமே பாட்டும் வசனமும் கலந்த இசை நாடகங்கள். 1918-ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பிச்சு, சின்னப் பசங்களுக்குப் பாட்டும் நடிப்பும் கத்துக் கொடுத்தார். பின்னாடி பெயர் வாங்கின டி.கே.எஸ். சகோதரர்கள் அங்க படிச்சவங்கதான். 1922-ல சுவாமிகள் புதுச்சேரியில மறைஞ்சார். ஆனா நாடகம் நிக்கல.

ஏன் நிக்கல?

கம்பெனிகள் கலைஞ்ச பிறகும் 'ஸ்பெஷல் நாடகம்'னு ஒரு முறை ஓடிக்கிட்டே இருந்துச்சு. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், நாரதர், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் வேற வேற ஊர். தனித்தனியா பேசி வரவழைப்பாங்க. அன்னிக்கு ராத்திரி மேடையிலதான் ஒருத்தரை ஒருத்தர் முதல் தடவையா பார்க்கிறதும் உண்டு. ஒத்திகை கிடையாது.

நான் சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன். ரெண்டு டீம் சேர்ந்து ஒரு ரிலீஸ் பண்ணணும்னாலே பத்து மீட்டிங் போடுவோம். இவங்களுக்கு எப்படி முடியுது? சுவாமிகளோட பாட்டும், கதை போற வரிசையும் எல்லாருக்கும் மனப்பாடம். அது மாறாது. நடுவுல வர்ற தர்க்கம் மட்டும் திறந்த இடம். நாரதர் கேள்வி கேட்பார், வள்ளி மடக்குவா. அப்புறம் வேலன் வந்து வம்பிழுப்பார், அவருக்கும் பதிலடி. அந்த ஊர், அந்த நாள், அன்னிக்கு நியூஸ் எல்லாமே உள்ள வரலாம். அதனால ஒவ்வொரு ராத்திரியும் இது புது நாடகம்.

அந்தத் திறந்த இடத்துல யார் யார் நின்னாங்க?

1920-களில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த நாடகத்துல சேர்ந்து பாடினப்போ, தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் கூட்டம் அலைமோதுச்சு. 1933-ல கிட்டப்பா சின்ன வயசுலயே காலமானார். பிற்காலத்துல சினிமாவுல ஔவையாரா நின்னு நமக்கு முருகனைப் பாடிக் காட்டினது அதே சுந்தராம்பாள்தான்.

அடுத்தவர் தியாகி விஸ்வநாததாஸ். தினைப்புனத்துல பறவை விரட்டுற கட்டம் வரும்போது, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதின கொக்குப் பாட்டைப் பாடுவார். வெள்ளைக் கொக்குன்னா வெள்ளைக்காரன்னு ஜனங்களுக்குப் புரியும், போலீஸுக்கும் புரியும். பலமுறை ஜெயிலுக்குப் போனார். முருகனா வேஷம் கட்டினவரோட, சாதியைச் சொல்லி ஜோடியா நடிக்க மறுத்தவங்களும் இருந்தாங்க. 1940 டிசம்பர் 31 அன்னிக்கு சென்னை மேடையில மயில் மேல முருகனா உட்கார்ந்து பாடிக்கிட்டிருக்கும்போதே உயிர் பிரிஞ்சுச்சு.

சினிமாவும் இந்தக் கதையை விடல. 1945-ல ஏவி.எம். எடுத்த 'ஸ்ரீ வள்ளி'யில முருகன் டி.ஆர். மகாலிங்கம். 1961-ல சிவாஜியும் பத்மினியும் நடிச்ச 'ஸ்ரீ வள்ளி'யில அதே மகாலிங்கம் நாரதர்.

நமக்கு என்ன பாடம்?

முருகன் வள்ளியைத் தேடிப் போனப்போ குலம் பார்க்கல. அவ எதிர்த்துப் பேசினதுக்குக் கோபப்படவும் இல்ல. கேள்வி கேட்கிற பொண்ணுகிட்ட பொறுமையா நின்னு பதில் சொன்ன சாமி அவர். இந்த நாடகத்தைக் கொண்டாடுற நாம, அதை நடிக்கிறவங்களை எப்படி நடத்துறோம்?

தர்க்க வீடியோவுக்குக் கீழ கமெண்ட் படிச்சுப் பாருங்க. ஒரு வரி "ஓம் சரவணபவ". அடுத்த வரி, வள்ளி வேஷம் போட்ட அக்காவைப் பத்தி கூசாம ஒரு அசிங்கம். அந்த அக்கா விடிய விடிய நின்னு பாடி, காலையில பஸ் பிடிச்சு அடுத்த ஊர் போகணும். திருவிழா சீசன்ல சம்பாதிக்கிறதை வச்சுத்தான் மத்த மாசத்தையும் ஓட்டணும்.

அதனால மூணு விஷயம் செய்யலாம்:

1. உங்க ஊர் விழாக் கமிட்டியில "நாடகம் எதுக்கு, ஆர்கெஸ்ட்ரா போதும்"னு பேச்சு வந்தா, நாடகத்துக்காக ஒரு வார்த்தை பேசுங்க.

2. ஒரு தடவையாவது பாயைப் போட்டு உட்கார்ந்து விடியிற வரைக்கும் பாருங்க. பபூன் காமெடி முடிஞ்சதும் கிளம்பிட்டா கல்யாணத்தைப் பார்க்காம வந்த மாதிரி.

3. வீடியோ ஷேர் பண்ணும்போது நடிகர், பின்பாட்டு, வாத்தியக்காரங்க பேரையும் போடுங்க. கீழ தப்பான கமெண்ட் வந்தா சும்மா கடந்து போகாதீங்க.

விடியக்காலையில மேடையில மாலை மாத்தும்போது நாம கையெடுத்துக் கும்பிடுறோம். வேஷம் கலைச்சுட்டு அவங்க பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போதும் அந்த மரியாதை இருக்கட்டும்.

வள்ளி மணாளனுக்கு அரோகரா!